‘கிளம்பியிருந்தா பிடிச்சிருப்பேன்’: இங்கிலீஷில் மட்டும் ஏன் தடுக்குகிறது?

ஜூன் 8, 2025

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

“மகள் பிளஸ் டூ. இங்கிலீஷ் இலக்கணத்தில் கண்டிஷன் த்ரீ மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. சூத்திரம் தலைகீழாகச் சொல்கிறாள், வாக்கியம் எழுதச் சொன்னால் தப்பு. என் கருத்து என்னவென்றால், நடக்காமல் போன பழைய விஷயத்தைப் பேசத் தமிழில் தனி வாக்கியம் கிடையாது. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு அந்த யோசனையே வராது. சரிதானே?”

சரியில்லை சார். பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறவர் என்ன சொல்கிறார்? “அஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருந்தா பிடிச்சிருப்பேன்.” அதுதான் கண்டிஷன் த்ரீ. கிளம்பவில்லை, பிடிக்கவில்லை, இரண்டும் முடிந்துபோனது, இனி மாற்ற முடியாது. இதைச் சொல்லாமல் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் விடிந்து அடைந்ததில்லை.

கூட்டிப் பாருங்கள். கிளம்பி, இருந்தால். பிடித்து, இருப்பேன். ‘இரு’ இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் அந்த இடத்தில் ‘ஹேவ்’ இரண்டு பக்கமும் உட்காருகிறது. முதல் பாதியில் அதன் இறந்தகாலமான ‘ஹேட்’, இரண்டாம் பாதியில் ‘வுட் ஹேவ்’. “இஃப் ஐ ஹேட் லெஃப்ட் ஃபைவ் மினிட்ஸ் எர்லியர், ஐ வுட் ஹேவ் காட் தி பஸ்.” இரண்டு மொழியும் இவ்வளவு பக்கத்தில் வருகிற வாக்கியம் அபூர்வம். பெண்ணுக்கு யோசனை வரவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தடுக்குவது வேறு எங்கோ. அவள் எழுதியதை அனுப்புங்கள்.

ஜூன் 8, இரவு

அனுப்பிவிட்டார். மூன்று வாக்கியம், தமிழ் எழுத்தில் தருகிறேன்.

“இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடிட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்.”
“இஃப் ஐ ஹேட் ஸ்டடி, ஐ வுட் பாஸ்ட்.”
“இஃப் ஐ டிடன்ட் கோ டு தி ஃபங்ஷன், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்.”

நடுவில் இருப்பது அவசரம். வி த்ரீ, அதாவது வினையின் மூன்றாம் வடிவம், போட மறந்தது, ‘ஹேவ்’ விழுந்துபோனது. எழுதி எழுதித்தான் சரியாகும், அதில் பேச ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரியில் சாயங்கால வகுப்பு எடுக்கிற எனக்கு ‘ஹேட் வென்ட்’, ‘வுட் ஹேவ் கேம்’ எல்லாம் தினசரி சாப்பாடு. கோ, வென்ட், கான் என்ற வரிசையில் கடைசிச் சொல்லை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகாததால் வருவது அது.

முதலாவது, பக்கத்துப் பாதியைப் பார்த்துத் தொற்றிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் காதுக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நான் சொல்லும் ஒரே பழக்கம்: ‘இஃப்’ என்று வாய் திறந்ததும் கமா என்கிற அடுத்த நிறுத்தம் வரைக்கும் ‘வுட்’ வரக்கூடாது.

மூன்றாவதுதான் சுவாரஸ்யம். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 11

நாளைக்கு என்றது மூன்று நாள் ஆகிவிட்டது. மாங்காய் சீசன். எங்கள் வீதி வழியாகக் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றால் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதே பெரும்பாடு. தோத்தாபுரி மணம் மட்டும் ஆள் இல்லாத வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது வாக்கியம். ‘டிடன்ட் கோ’ எங்கிருந்து வந்தது? நம் பேச்சிலிருந்து. “நீ மட்டும் அன்னிக்கு வரலைன்னா நான் செத்திருப்பேன்” என்கிறோம். எழுதும்போது ‘வந்திருக்காவிட்டால்’ என்று நீட்டுவோம், பேசும்போது யார் நீட்டுகிறார்கள்? ‘வரலைன்னா’ போதும். அந்த ஒரே ‘வரலைன்னா’ நாளைக்கு வராவிட்டாலும் பொருந்தும், போன வருஷம் வராமல் இருந்திருந்தாலும் பொருந்தும். பின்னால் வருகிற ‘செத்திருப்பேன்’தான் இது பழைய கதை என்று காட்டிக்கொடுக்கிறது. இங்கிலீஷ் இந்தச் சலுகையைத் தராது. அங்கே முதல் பாதியே சொல்லியாக வேண்டும்: “இஃப் யூ ஹேடன்ட் கம் தட் டே.”

எதிர்மறையில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். ‘வந்திருந்தா’ என்று சொல்கிற பிள்ளை ‘இஃப் யூ ஹேட் கம்’ என்று சரியாகவே எழுதுகிறது. அதே பிள்ளை ‘வரலைன்னா’ என்றதும் ‘டிடன்ட்’டுக்குப் போய்விடுகிறது. பாலக்கோட்டுக்காரர் மகளும் அதைத்தான் செய்திருக்கிறாள். தமிழில் யோசனை இல்லாததால் வந்த தப்பு இல்லை, தமிழில் சுலபமாகச் சொல்லிப் பழகியதால் வந்த தப்பு.

மருந்து: எதிர்மறை வந்தால் மனதுக்குள் எழுத்துத் தமிழுக்கு ஏறுங்கள். ‘போகலைன்னா’ இல்லை, ‘போயிருக்காவிட்டால்’. அந்த ‘இரு’ கண்ணில் பட்டதும் ‘ஹேட்’ தானாக வரும்.

ஜூன் 12

கெலமங்கலத்திலிருந்து ஒரு தம்பி: “அக்கா, எங்க வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ். எனக்கு எந்த வழியில ஏறணும்?”

எந்த வழியும் முதல் பாதிக்கு உதவும் தம்பி. கன்னடத்தில் ‘பந்தித்தரே’, தெலுங்கில் ‘வச்சி உண்டே’, நம் ‘வந்திருந்தால்’, எல்லாம் ஒரே தச்சன் செய்த கட்டில். இரண்டாம் பாதிதான் வேறு. தமிழ் ‘பார்த்திருப்பேன்’ என்று எதிர்காலத்தின் பக்கம் சாய்கிறது. கன்னடம் ‘நோடுத்தித்தெ’, தெலுங்கு ‘சூசேவாண்ணி’. இவை இரண்டும் ‘அந்தக் காலத்தில் தினம் பார்ப்பேன்’ என்று பழைய வழக்கத்தைச் சொல்லவும் வருகிற வடிவங்கள். வேடிக்கை என்னவென்றால் இங்கிலீஷ் ‘வுட்’டும் அந்த வேலையைச் செய்யும். “மை கிராண்ட்ஃபாதர் வுட் வாக் டு தி மார்க்கெட் எவ்ரி டே” என்றால் தினமும் நடந்து போவார் என்று அர்த்தம். உங்கள் வீட்டு வழி ஒருவேளை எங்கள் வழியைவிடக் கிட்டவே இருக்கலாம்.

ஜூன் 17

இது கொஞ்சம் நீளம். சூத்திரத்தைவிட இதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

என்னிடம் படித்த ஒரு பெண் ஓசூரில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். ராத்திரி ஷிப்டில் ஒரு லாட் முழுக்க அளவு தப்பிவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விளக்கம் எழுத வேண்டும். அவள் மனதில் இருந்தது: “ராத்திரி ஆபரேட்டர் டூலை மாத்தியிருப்பாரு. அதுக்கு அப்புறம் செட்டிங் பார்க்கலை.” எழுதியது: “தி நைட் ஆபரேட்டர் வுட் ஹேவ் சேஞ்ச்ட் தி டூல்.”

அந்தப் பக்கத்திலிருந்து பதில்: ஏன் மாற்ற முடியவில்லை? தடுத்தது எது? மாற்று டூல் கையிருப்பில் இல்லையா?

இவளுக்குத் தலை சுற்றிவிட்டது. மாற்றினார் என்றுதானே எழுதினோம், ஏன் மாற்றவில்லை என்று கேட்கிறார்களே! இரண்டு பக்கமும் மெயில் போய் மெயில் வந்து, கடைசியில் மேலாளர் போனில் பேசித்தான் முடிந்ததாம்.

நடந்தது இதுதான். நம் ‘இருப்பார்’ இரண்டு வேலை பார்க்கிறது. “சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார்” என்றால் மாற்றவில்லை. “இந்நேரம் மாற்றியிருப்பார்” என்றால் மாற்றிவிட்டார் என்று என் ஊகம். ஒன்றுக்கொன்று நேர் எதிர், ஒரே சொல். முன்னால் ‘சொல்லியிருந்தால்’ இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே தமிழ் கேட்பவர் புரிந்துகொள்கிறார், நமக்குக் குழப்பமே வருவதில்லை. இங்கிலீஷில் ‘வுட் ஹேவ்’ என்று தனியாக விட்டால், கேட்பவர் பெரும்பாலும் ‘ஆனால்’ என்ற அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பார். செய்திருப்பார், ஆனால்..?

ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’ இருக்கிறது. “தி நைட் ஆபரேட்டர் மஸ்ட் ஹேவ் சேஞ்ச்ட் தி டூல்.” அவ்வளவு உறுதி இல்லையென்றால் “ப்ராபப்ளி சேஞ்ச்ட்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். விளக்கக் கடிதத்தில் அதுவே மேல்.

எழுதும் முன் தமிழில் ஒரு வால் ஒட்டிப் பாருங்கள். “மாற்றியிருப்பார், ஆனால் மாற்றவில்லை” என்பது பொருந்தினால் ‘வுட் ஹேவ்’. “மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்” என்பது பொருந்தினால் ‘மஸ்ட் ஹேவ்’. இதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம்.

இங்கிலீஷ்காரர்களும் ஊகத்துக்கு ‘வுட் ஹேவ்’ சொல்வது உண்டு, “தட் வுட் ஹேவ் பீன் மை பிரதர்” என்கிற மாதிரி. நம் ஊர் ஆபீஸ்களில் எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. “ஹி வுட் ஹேவ் ரீச்ட் ஓசூர் பை நவ்” என்றால் கிருஷ்ணகிரி டோல்கேட்டில் யாரும் முழிக்க மாட்டார்கள். ஊர் எல்லை தாண்டிப் போகிற கடிதம் என்றால்தான் கவனம்.

ஜூன் 18

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், சட்டம் படித்தவர் போலிருக்கிறது, நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். தொப்பூர் கணவாய் விபத்து வழக்கு ஒன்றில், “டிரைவர் பிரேக் போடவில்லை என்றால்” என்பதும் “டிரைவர் பிரேக் போட்டிருக்காவிட்டால்” என்பதும் ஒன்றா என்று.

ஒன்றே இல்லை. முதலாவதில் போட்டாரா போடவில்லையா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதில் போட்டார் என்று ஒப்புக்கொண்டேன். சாட்சிக் கூண்டில் நின்று மாற்றிச் சொன்னால் வழக்கே வேறு.

இங்கிலீஷில் இதற்குப் பேர் போன ஒரு ஜோடி உண்டு. எர்னஸ்ட் ஆடம்ஸ் என்ற தத்துவவாதி 1970இல் எழுதியது, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலையையும் அதைச் செய்ததாகப் பிடிபட்ட ஆஸ்வால்டையும் வைத்து. ஆஸ்வால்ட் கென்னடியைக் கொல்லவில்லை என்றால் வேறு யாரோ கொன்றார்கள். இதை யாரும் மறுக்க முடியாது, கென்னடி செத்துத்தானே போனார். ஆஸ்வால்ட் கொன்றிருக்காவிட்டால் வேறு யாராவது கொன்றிருப்பார்கள். இது சதிக் கதையை நம்புகிறவர் மட்டும் சொல்வது. முதலாவதில் ‘டிடன்ட் கில், டிட்’. இரண்டாவதில் ‘ஹேடன்ட் கில்ட், வுட் ஹேவ்’.

தமிழில் எழுதும்போது கை தானாக ‘என்றால்’ என்றும் ‘இருக்காவிட்டால்’ என்றும் பிரித்துவிட்டது, கவனித்தீர்களா? ‘என்றால்’ வந்தால் சாதாரண இறந்தகாலம், ‘இருந்தால்’ வந்தால் ‘ஹேட்’ என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சில் ‘போடலைன்னா’ இரண்டையும் விழுங்கிவிடும், போன வாரம் சொன்ன கதைதான். அதற்குமேல் இன்னொரு சிக்கல்: “அவர் நேத்து வந்திருந்தா பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், பாருங்க” என்கிறோமே. அங்கே ‘வந்திருந்தா’ வெறும் சந்தேகம்தான், வரவில்லை என்று அர்த்தம் இல்லை. இங்கிலீஷில் அது “இஃப் ஹி கேம் எஸ்டர்டே”. ஆகவே ‘இருந்தால்’ என்று கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு ‘ஹேட்’ போடாதீர்கள். இரண்டாம் பாதியையும் பாருங்கள். ‘இருக்கும், பாருங்க’ என்று இப்போதைக்கு வந்து நின்றால் அது வேறு வாக்கியம்.

ஜூன் 19

அதே சட்டத்துக்காரர் விடுவதாக இல்லை. அப்படியென்றால் ‘இஃப்... ஹேட்’ என்று சொன்னாலே நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டதாகுமா என்கிறார்.

எப்போதும் ஆகாது. ஆலன் ராஸ் ஆண்டர்சன் என்ற தர்க்கவியல்காரர் 1951லேயே ஒரு உதாரணம் காட்டியிருக்கிறார். ஒருவரைப் பரிசோதிக்கிற டாக்டர் சொல்கிறார்: இவர் ஆர்செனிக் என்ற விஷத்தைச் சாப்பிட்டிருந்தால் இப்போது தெரிகிற இதே அறிகுறிகள்தான் தெரிந்திருக்கும். சாப்பிடவில்லை என்று டாக்டர் சொல்லவில்லை, சாப்பிட்டிருக்கிறார் என்ற பக்கம்தான் கை காட்டுகிறார். ‘ஹேட்’, ‘வுட் ஹேவ்’ இரண்டும் இருந்தும் அப்படி. பிளஸ் டூ பரீட்சைக்கு இது தேவையில்லை. நீதிமன்றத்துக்குத் தேவைப்படலாம். சாருக்கு வணக்கம், இத்தோடு விட்டுவிடுங்கள்.

ஜூன் 24

வகுப்பில் அதியமானை இழுத்தேன். தகடூர்க்காரர் ஆயிற்றே, நம் பிள்ளைகள் அவரை வைத்துத்தான் படிக்க வேண்டும். நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுக்காமல் அவரே தின்றிருந்தால்?

“இஃப் அதியமான் ஹேட் ஈட்டன் தி நெல்லிக்கனி ஹிம்செல்ஃப்” வரைக்கும் எல்லோரும் சரி. மீதியை ஆளுக்கொன்றாக முடித்தார்கள். ஔவை சீக்கிரம் போயிருப்பார். மூவேந்தரும் கோபித்திருப்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன்: “ஹி வுட் பி ஸ்டாண்டிங் இன் தி சில்க் போர்டு டிராஃபிக் நவ்.” பெங்களூருக்கு வாராவாரம் போய்வருகிற பையன்.

சிரித்து முடித்த பிறகு பார்த்தால், அவன் ஒருவன்தான் கலப்பு வாக்கியம் போட்டிருக்கிறான். காரணம் பழையது, விளைவு இன்றைக்கு. அதனால் இரண்டாம் பாதியில் ‘ஹேவ்’ கிடையாது, ‘வுட் பி’ மட்டும். புத்தகத்தில் கடைசியில் சின்ன எழுத்தில் வருகிற இந்த வகையைத்தான் நாம் வாழ்க்கையில் அதிகம் பேசுகிறோம். அன்றைக்கு அந்த வேலைக்குப் போயிருந்தால் இன்றைக்கு நானும் வீடு கட்டி உட்கார்ந்திருப்பேன், வகையறா.

நம் ஊருக்குத் தோதாக இன்னொன்று: கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமாகப் பிரிந்திருக்காவிட்டால், நாங்கள் இன்னும் கலெக்டர் ஆபீஸ் வேலைக்குத் தர்மபுரிக்கு ஓடிக்கொண்டிருப்போம். “வீ வுட் ஸ்டில் பி ரன்னிங் டு தர்மபுரி.” தர்மபுரிக்காரர்கள் கோபிக்க வேண்டாம். 1965 வரைக்கும் நீங்கள் சேலத்துக்கு ஓடியவர்கள்தான்.

ஜூன் 25

தர்மபுரிக்காரர் ஒருவர் கோபித்துவிட்டார். அவர் எழுதிய வாக்கியம்: “இஃப் திப்பு ஹேடன்ட் கிவன் அப் தி பாராமகால் இன் 1792, தாமஸ் மன்றோ வுட் ஹேவ் நாட் கேம் டு தர்மபுரி, அண்ட் யூ வுட் ஹேவ் நத்திங் டு டீச்.”

வரலாறு சரி. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமான பாராமகால் ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கைமாறியது, கம்பெனி அதிகாரி மன்றோ 1799 வரை இந்தப் பக்கம் வரி நிர்ணயம் பார்த்தார், பிறகு சென்னை மாகாண கவர்னரானார். இலக்கணத்தில் இரண்டு தையல் போட வேண்டும். ‘நாட்’ என்பது ‘வுட்’டை ஒட்டி வரும், ‘வுட் நாட் ஹேவ்’. ‘கேம்’ இல்லை, ‘கம்’. மற்றபடி கடைசிப் பாதி அருமையான கலப்பு. திட்டும்போது எல்லோருக்கும் இங்கிலீஷ் நன்றாக வருகிறது.

ஜூலை 2

திருமணமாகி டெக்சாஸ் போன ஒரு காவேரிப்பட்டணத்துப் பெண் எழுதுகிறார்: “மேடம், இங்கே எல்லோரும் ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்றுதான் பேசுகிறார்கள். நீங்கள் தப்பு என்கிறீர்கள்.”

பேசுகிறார்கள், உண்மை. அமெரிக்கப் பேச்சில் அது சகஜம். எழுத்தில் அங்கேயும் பத்திரிகை ஆசிரியர்கள் திருத்திவிடுவார்கள். இங்கே பரீட்சைத் தாள் திருத்துகிறவர் டெக்சாஸ் போனதில்லை. பிள்ளைகளுக்கு மார்க் வேண்டும், அதனால் என் ‘அடுத்த நிறுத்தம் வரை வுட் கூடாது’ நிற்கட்டும்.

அதைவிட அவர் சொன்ன இன்னொன்று உபயோகமானது. காதில் விழுவதே வேறாக இருக்கிறதாம். நாம் ‘வுட், ஹேவ்’ என்று இரண்டையும் ஒன்றொன்றாக அழுத்துகிறோம், அவர்கள் ‘வுடவ்’ என்று உருட்டிவிடுகிறார்கள். அந்த உருட்டலைக் கேட்டே அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் ‘வுட் ஆஃப்’ என்று எழுதித் தொலைக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தத் தப்பை அநேகமாகச் செய்வதில்லை, கண்ணால் படித்தவர்கள் என்பதால்.

‘ஐட்’ என்று சுருக்கினால் அது ‘ஐ ஹேட்’டா ‘ஐ வுட்’டா என்று கேட்டிருக்கிறார். “ஐட் ஹேவ் கான்” என்றால் பின்னால் ‘ஹேவ்’ நிற்கிறது, ஆகவே வுட். “இஃப் ஐட் நோன்” என்றால் நேராக வி த்ரீ வருகிறது, ஆகவே ஹேட். அடுத்த சொல்லைப் பார்த்தால் போதும்.

ஜூலை 6

பாலக்கோட்டுக்காரர் திரும்ப வந்திருக்கிறார். மொழியில் இல்லாவிட்டால் யோசனையும் இருக்காது என்று ஒரு அமெரிக்கர் நிரூபித்ததாக எங்கோ படித்தாராம்.

அவர் சொல்வது ஆல்ஃபிரட் ப்ளூம் என்பவரை. 1981இல், சீன மொழியில் நடக்காமல் போனதைச் சொல்லத் தனி வடிவம் இல்லை, அதனால் சீனர்களுக்கு இப்படி யோசிப்பது சிரமம் என்றார். 1983இல் டெர்ரி ஆவ் என்ற பெண் ஆய்வாளர், ப்ளூம் கதை கொடுத்துக் கேள்வி கேட்ட சோதனையையே திரும்பச் செய்து பார்த்தார். சீனர்கள் பேசுகிற மாதிரியான நல்ல சீனத்தில் கதையை எழுதிக் கேட்டதும் பிள்ளைகள் சரளமாகப் பதில் சொன்னார்கள். ப்ளூம் கொடுத்த கதைகளின் சீனம்தான் கரடுமுரடு. ஆகவே மகளைக் குறை சொல்ல இவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள் சார்.

ஜூலை 15

ஊத்தங்கரையிலிருந்து ஒரு வேன் ஓட்டுநர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதே, அதை வைத்துக் கேட்கிறார். “வண்டியை மேட்டுல நிறுத்தியிருந்தா தப்பிச்சிருக்கும்” என்பதற்கும் “தப்பிச்சிருக்கலாம்” என்பதற்கும் இங்கிலீஷில் வித்தியாசம் உண்டா?

உண்டு, அப்படியே நம் மாதிரி. ‘தப்பியிருக்கும்’ என்றால் ‘வுட் ஹேவ்’, உறுதி. ‘தப்பியிருக்கலாம்’ என்றால் ‘மைட் ஹேவ்’, ஒருவேளை. ‘காப்பாற்றியிருக்க முடியும்’ என்றால் ‘குட் ஹேவ்’, வழி இருந்தது. முதல் பாதி மூன்றுக்கும் மாறாது: “இஃப் ஐ ஹேட் பார்க்ட் இட் ஆன் ஹையர் கிரவுண்ட்.” மழையை மட்டும் குறை சொல்ல வேண்டுமானால் ‘இஃப்’ இல்லாமலே முடியும்: “பட் ஃபார் தட் ரெயின்.” அந்த மழை இல்லாதிருந்தால், அவ்வளவுதான்.

இன்ஷூரன்ஸ் தாளில் எழுதுவதற்கா கேட்டீர்கள்? அப்படியானால் ‘மேட்டில் நிறுத்தியிருந்தால்’ என்று எந்த மொழியிலும் எழுத வேண்டாம் அண்ணா. வண்டி எங்கே நின்றது, தண்ணீர் எப்போது வந்தது, அது போதும்.

ஜூலை 16

‘நீ மட்டும் வந்திருந்தா’வில் உள்ள ‘மட்டும்’ எங்கே போகும் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எங்கேயும் போகாது, விட்டுவிடுங்கள். ‘ஒன்லி’ என்று செருகி “இஃப் ஒன்லி யூ ஹேட் கம்” என்றால் அது ஏக்கம். வந்திருக்கக்கூடாதா என்று புலம்புவது. “ஒன்லி இஃப்” என்று திருப்பினால் நிபந்தனை, வேறு சரக்கு.

ஜூலை 20

அரூர் தம்பி ‘அன்லெஸ்’ பற்றிக் கேட்டது விட்டுப்போயிற்று. “அன்லெஸ் யூ ஹேட் கம், ஐ வுட் ஹேவ் டைட்” வராது. ‘அன்லெஸ்’ இனி நடக்கக்கூடியதோடு சேரும்: “அன்லெஸ் யூ ஹரி, யூ வில் மிஸ் தி பஸ்.” நடந்து முடிந்ததைக் கற்பனையில் அழிக்க வேண்டுமானால் ‘இஃப்’பும் ‘ஹேடன்ட்’டும்தான். கைடில் ‘அன்லெஸ்’ஸால் மாற்றி எழுதுக என்று இந்த வாக்கியத்தைக் கொடுத்திருந்தால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போ, நாளைக்கு வகுப்பில் காட்டு.